பாதித் தலையில் தங்கிய வெயில்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. மனிதர்களுக்குத் தலை இருந்தது, தலைக்கனமும் வேண்டிய மட்டும் இருந்தது. ஒற்றைத் தலைவலி மட்டும் இல்லை.

கடலோரக் குப்பம் ஒன்றில் பவளாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் அஞ்சப்பன் கட்டுமரத்தில் மீன் பிடிக்கிறவன். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். கடல் சீறும் நாளில் புருஷன் உள்ளே மாட்டிக்கொண்டால், அவன் கரையேறும்வரை பெண்டாட்டியின் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. யார் வைத்த வழக்கமோ தெரியாது. மீறிப் பார்க்க ஒருத்திக்கும் தைரியம் வந்ததில்லை.

ஐப்பசி மாதம் ஒருநாள் கட்டுமரங்கள் போன சற்று நேரத்தில் வானம் கறுத்துக் கவிந்துகொண்டது. நடுப்பகலில் கரை எது, கடல் எது என்று தெரியாத இருட்டு. பவளாயி மணல்மேட்டில் நின்று தவித்தாள். அப்போது ஒரு செம்பருந்து மேகத்துக்குள்ளிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

“பருந்தண்ணே, எங்க ஆளுங்க கண்ணுல பட்டாங்களா?”

“பட்டாங்க தங்கச்சி. உயிரோடதான் இருக்காங்க. ஆனா கரை தெரியாம சுத்திக்கிட்டே இருக்காங்க. இப்படியே போனா பாறைத் திட்டுல மோதிடுவாங்க.”

பவளாயி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். “மேகத்துக்கு மேல வெயில் இருக்குமே. ஒரு கீத்து வாங்கிட்டு வாயேன். நான் இங்க நின்னு கரையைக் காட்டுறேன்.”

பருந்து போனது. திரும்பி வரும்போது அதன் அலகில் ஒரு கதிர் மினுக்கிக்கொண்டிருந்தது.

“சூரியன் ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காரு. இதை மனுஷத் தலைக்குள்ளதான் வைக்க முடியும். ஆனா இது பசி தாங்காது. வச்சிருக்கிறவங்க வயிறு காலியா இருந்தா தலைக்குள்ளயே வேர் விட்டுரும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. நீ சாப்பிட்டியா?”

பவளாயி தன் குடிசையைப் பார்த்தாள். பானையில் பழைய சோறு இருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அவள் விழுங்குகிற அந்த நேரத்தில் அங்கே கட்டுமரம் கவிழ்ந்துவிட்டால்? தன் வாய்ச்சோறுதான் அவனைத் தின்றது என்று ஆயுசுக்கும் வெந்துகொண்டிருக்க வேண்டும்.

“சாப்பிட்டேன்,” என்றாள்.

பருந்து நம்பிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத பறவைக்குப் பொய்யைப் பிடிக்கவும் தெரியவில்லை. கதிரை அவளுடைய வலது நெற்றிப்பொட்டில் பதித்தது.

பவளாயியின் கண்ணிலிருந்து வெளிச்சம் கிளம்பியது. கதிர் பசியில் நடுங்கியதால் அந்த வெளிச்சம் நேராகப் போகாமல், ரம்பப் பல் போலக் கோணல்மாணலாக ஓடியது. அதன் கூச்சத்தில் அவளுக்குப் பாதிக் கடல் தெரியவில்லை. ஆனால் கடலில் இருந்தவர்களுக்குக் கரை தெரிந்தது. அஞ்சப்பன் முதலில் வந்து சேர்ந்தான். பின்னாலேயே மற்ற மரங்களும் ஒன்று பாக்கியில்லாமல் வந்தன.

குப்பமே திரண்டு பறை கொட்டியது. பருந்து கதிரை எடுக்க அலகை வைத்து இழுத்தது. கதிர் அசையவில்லை. பவளாயிதான் அலறினாள்.

வலது பொட்டில் உலக்கையால் இடிப்பது போல இடித்தது. பறைச் சத்தம் அவள் மண்டைக்குள் புகுந்து அடித்தது. அன்றாடம் புழங்கிய மீன் வாடை குடலைப் புரட்ட, மஞ்சளாக வாந்தியெடுத்தாள். மேகம் விலகி வெயில் விழுந்ததும் கண்ணைத் திறக்க முடியாமல் மணலில் சுருண்டுகொண்டாள்.

“புருஷன் முழுசா வந்து நிக்கிறான், இவளுக்கு என்ன வேசம் இது?” என்றாள் ஒருத்தி. “காயமா, ரத்தமா, ஒண்ணையும் காணோமே!”

“பொய் சொல்லிட்டியே தங்கச்சி,” என்று பருந்து கலங்கியது. பிறகு அஞ்சப்பனிடம் சொன்னது. “இனி இது தூங்கும், முழிக்கும். அவ பட்டினி கிடந்தாலும் தூக்கம் கெட்டாலும் முழிச்சுக்கும். வெயில் கூசினாலோ வானம் திடீர்னு மாறினாலோ சூரியன் கூப்பிடுறாருன்னு துள்ளும். நெடி ஆகாது, சத்தம் ஆகாது. இருட்டுல அமைதியா விட்டா மெல்ல அடங்கும். வேற வழி எனக்குத் தெரியல.”

அஞ்சப்பன் பறையை நிறுத்தச் சொன்னான். அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குடிசையில் கிடத்தி, ஈரப் பாயை வாசலில் தொங்கவிட்டு இருட்டாக்கினான். விசாரிக்க வந்தவர்களை வெளியிலேயே நிறுத்தினான்.

“உள்ள வெயில் படுத்திருக்கு. மெதுவாப் பேசுங்க.”

அவள் எழுந்து உட்கார்ந்தபோது சோற்றைப் பிசைந்து முன்னால் வைத்தான்.

“நீ பட்டினி கிடந்துதான் நான் கரையேறணும்னா, அந்தக் கரையே எனக்கு வேணாம் புள்ள.”

பவளாயி அழுதுகொண்டே சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடாமல் அவன் மரத்தைத் தண்ணீரில் தள்ளியதே இல்லை. ஆனாலும் கதிர் போகவில்லை. அவள் பெற்ற பிள்ளைகளில் சிலருக்கும், அவர்கள் பெற்றவர்களில் சிலருக்கும் அதன் வேர் ஓடியது.

அன்று முதல்தான் பாதித் தலையை மட்டும் பிடித்து உலுக்கும் வலி உலகத்தில் உண்டானது. அது வருமுன் சிலர் கண்ணெதிரே கோணல் வெளிச்சம் ஓடுவதும், வந்தபின் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடப்பதும், காயத்தையும் ரத்தத்தையும் காணாதவர்கள் வெளியே நின்று அதை வேசம் என்பதும் அன்று முதல்தான்.