திருக்கைக்கு ஊட்டிய கை

கடற்கரையை ஒட்டியிருந்த கடல்வாழ் உயிரினக் கல்வி மையத்துக்குப் புதிதாக ஒரு திருக்கை மீன் வந்தது.

கொண்டுவந்தவர் ஒரு மீனவர். வலையில் சிக்கியதில் அதன் வால் பாதி அறுந்துபோயிருந்தது. கடலில் விட்டால் பிழைக்காது, விற்கவும் மனம் வரவில்லை என்று சொல்லி, தண்ணீர் நிரப்பிய டிரம்மோடு இறக்கிவைத்தார். மையத்தை நடத்திவந்த ஜெனோவா டீச்சர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

எல்லோருக்கும் சந்தோஷம். கஸ்பாருக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

கஸ்பார் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட வயதில் மிகவும் மூத்தவர். இத்தனை காலம் கடலை மேலிருந்தே பார்த்துவிட்டேன், உள்ளே இருப்பதைக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டு அவரிடம் வந்து சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து சொக்கி என்ற திருக்கை அவர் பொறுப்பில் இருந்தது. போன மழைக்காலத்தில் சொக்கி வயதாகிச் செத்துப்போனது. அதன் பிறகும் காலித் தொட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தார். எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

புதிய திருக்கையை அந்தத் தொட்டியில்தான் விட்டார்கள்.

அது மணலில் புதைந்து கிடந்தது. இறாலைப் போட்டால் தொடவில்லை. இடுக்கியில் பிடித்து நீட்டினால் விலகிப் போனது. நாளாக ஆக இளைத்தது. இப்படியே போனால் தங்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

டீச்சர் கஸ்பாரை அழைத்து, நீங்கள் ஊட்டிப் பாருங்கள் என்றார். அவர் தொட்டியருகே வந்து நின்றாரே தவிர, குனியவில்லை.

"ஒரு கேள்வி இருக்கு டீச்சர்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சொக்கி இருந்த இடத்துல இதை வச்சுக் கொஞ்சினா, அது சொக்கிக்குச் செய்ற துரோகம் இல்லையா?"

டீச்சர் இறால் கிண்ணத்தை நீட்டினார்.

"பசியில கிடக்கு. முதல்ல அதைப் பாருங்க."

கஸ்பார் சோப்புப் போடாமல் கையை அலசிக்கொண்டார். வெயில் வரும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். இறாலை உரித்து, மடக்கிய விரல்களின் இடுக்கில் வைத்து, கையைத் தொட்டியின் தரையில் பதித்தார். பிறகு அசையவில்லை.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் இடுப்பு வலித்தது. நிமிரவில்லை.

மணல் லேசாகக் கலங்கியது. திருக்கை எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஈரத்துணி போர்த்தியதுபோல் அவருடைய கையை மூடியது. அடிவயிற்றுப் பக்கமிருந்த வாய் இறாலைத் தேடிப் பிடித்து உறிஞ்சிக்கொண்டது.

"நல்லா இரு தாயி," என்றார் கஸ்பார். "நீ நல்லா இரு."

டீச்சர் அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"விரலை மடக்கிக்கணும்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"வந்த புதுசுல சொக்கி ஒருவாட்டி விரலை நசுக்கிட்டு. அன்னைக்குத் தெரிஞ்சுது."

"இந்தப் பக்கம் வந்து நின்னீங்களே?"

"அங்க நின்னா நிழல் விழும். நிழலைக் கண்டா சொக்கி கிட்டயே வராது."

"இவ்வளவு நேரம் கையை அசைக்காம இருந்தீங்களே?"

"அதுவும் சொக்கிதான்..."

கஸ்பார் பாதியில் நிறுத்தினார்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, இன்னைக்கு இதுக்கு ஊட்டினது யாரு அண்ணாச்சி?"

கஸ்பார் இன்னோர் இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.