இரண்டாவது அம்புக்குறி

முதலில் ஒரு புதிர்.

ஒரு பானை நிறைய உருகிய அலுமினியம் இருக்கிறது. அதற்குள் ஒரு வாயு புகுந்து ஒளிந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதை வெளியேற்றாமல் உலோகத்தை அச்சில் ஊற்றினால், இறுகும் நேரத்தில் அந்த வாயு வெளியே வரப் பார்க்கும். வழி கிடைக்காமல் உள்ளேயே ஊசித்துளைகளாகத் தங்கிவிடும். அந்த உலோகத்தில் செய்த பம்பு ஒழுகும். பானைக்குள் கையை விட முடியாது. எழுநூறு டிகிரி சூடு. வடிகட்டவும் முடியாது. அப்படியானால் அந்த வாயுவை வெளியே கொண்டுவரப் பானைக்குள் எதை விடுவீர்கள்?

யோசித்து வையுங்கள்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், "இத்தனை ஆண்டுகளுக்கு என்னைக் கேட்காமல் இதை யாரும் செய்யக் கூடாது" என்று உரிமை கேட்டு விண்ணப்பிக்கும் இடம் காப்புரிமை அலுவலகம். அந்த விண்ணப்பத்தைப் படித்து, இது உண்மையிலேயே புதியதுதானா, தொழில் தெரிந்த எவருக்கும் தானாகவே தோன்றக்கூடியதா என்று பார்த்து அறிக்கை எழுதுபவர் ஆய்வாளர்.

மெஹருன்னிசா அப்படி ஓர் அலுவலகத்தில் எட்டு ஆண்டுகளாக ஆய்வாளர். வயது முப்பத்தொன்று. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த இருதயராஜுக்கு முப்பத்துநான்கு. ஓசூரில் அலுமினிய வார்ப்பாலை ஒன்றில் பத்து ஆண்டுகள் உலையடியில் நின்றுவிட்டு, தேர்வெழுதி வந்தவர். குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அதில் இருவருக்கும் வருத்தமில்லை. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

மூன்றாவது மாதம் இருதயராஜ் தன் முதல் அறிக்கையை எழுதிக்கொண்டு வந்தார்.

"முடிச்சிட்டேன் மேடம். ரெண்டே நாள்."

"எந்த விண்ணப்பம்?"

"கோயமுத்தூர். மருதாசலம்னு ஒருத்தர், கணபதி ஏரியாவுல சின்னதா ஃபவுண்டரி வச்சிருக்கார். உருகின அலுமினியத்துல வாயு நீக்கற முறை."

மெஹருன்னிசா நிதானமாகப் படித்தார். நான்காம் பத்தியில் அவருடைய விரல் நின்றது. 'இம்முறை துறையறிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. கண்டுபிடிப்பாகக் கொள்ள இயலாது' என்று இருந்தது.

"இவருக்காக எழுதித்தர முகவர் யாரும் இல்லையே?"

"இல்ல மேடம். அவரே எழுதி அனுப்பியிருக்கார்."

"அப்ப இந்தப் பத்திக்குப் பதில் எழுதவும் அவருக்கு ஆள் இல்லை. ஆறு மாசத்துல பதில் வரலைன்னா விண்ணப்பம் கைவிட்டதா ஆயிடும். அப்புறம் யார் வேணாலும் அந்த முறையை எடுத்துக்கலாம். அவர் பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை."

"சட்டம் அதுதானே மேடம்?"

"அதுதான். கையெழுத்தும் உங்களுதுதான். நான் குறுக்கே வரமாட்டேன். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, அவர் முறை என்ன?"

மேசைமீது தேநீர் வந்து ஆறிக்கொண்டிருந்தது. இருதயராஜ் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியை நட்டுக்குத்தாகப் பிடித்தார்.

"உள்ள ஒளிஞ்சிருக்கறது ஹைட்ரஜன். அதை வெளியே கொண்டுவர இன்னொரு வாயுவை உள்ள விடணும். ஆர்கான். இந்தக் கரண்டிதான் தண்டுன்னு வச்சுக்குங்க, நடுவுல துளை. தண்டு சுத்தச் சுத்த ஆர்கான் பொடிப்பொடிக் குமிழியா வரும். ஹைட்ரஜன் அந்தக் குமிழிக்குள்ள ஏறிக்கிட்டு மேல வந்துடும்."

புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. வாயுவை வெளியே கொண்டுவர, இன்னொரு வாயு.

"அது பழைய வழிதானே?" என்றார் மெஹருன்னிசா.

"ரொம்பப் பழசு. எங்க ஓசூர்லயும் அதான். சிக்கல் வேற இடத்துல." இருதயராஜ் கரண்டியை வேகமாகச் சுற்றினார். தேநீரின் நடுவில் குழி விழுந்தது. "பாத்தீங்களா? இந்தக் குழி மேல இருக்கற காத்தை உள்ள இழுக்கும். காத்துல ஈரம் இருக்கு, ஈரத்துல ஹைட்ரஜன் இருக்கு. முன்வாசல் வழியா அனுப்பினவனைப் பின்வாசல் வழியாக் கூப்பிடற மாதிரி. சரின்னு மெதுவா சுத்தினா, குழி இல்ல. ஆனா குமிழி பெருசாயிடும். பெரிய குமிழி வேலைக்கு ஆகாது."

"மருதாசலம் என்ன பண்றார்?"

இருதயராஜ் கரண்டியைச் சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்றினார். குழி மூடிக்கொண்டது. கொஞ்சம் தேநீர் மேசையில் சிந்தியது.

"எட்டு நொடி இந்தப் பக்கம், எட்டு நொடி அந்தப் பக்கம். திரும்பத் திரும்ப. அவ்வளவுதான் மேடம்! எந்த உலைக்காரனைக் கேட்டாலும் சொல்வான்."

மெஹருன்னிசா அறிக்கையை நனையாமல் நகர்த்தி வைத்தார். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை பண்ணுங்க."

இருதயராஜ் செய்தார். குழி விழுந்தது, மூடிக்கொண்டது.

"எவ்வளவு அழகா இருக்கு!" என்றார் மெஹருன்னிசா. பிறகு, "எந்தெந்தப் பழைய ஆவணத்தை வச்சு மறுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"மூணு மேடம். ஒண்ணு, அலுமினியத்துல தண்டு சுத்தறது. ரெண்டாவது, பெயிண்ட் கலக்கற இயந்திரம். குழி விழுந்தா காத்து உள்ள போகும்னு அதுல சொல்லியிருக்கு. மூணாவது, துணி துவைக்கற இயந்திரம். திசை மாத்தி மாத்திச் சுத்துது. மூணையும் சேர்த்தா மருதாசலம்."

"நல்லாத் தேடியிருக்கீங்க. அலுமினியத்துக்குப் போனவர் துணி துவைக்கற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீங்க?"

"'திசை மாற்றிச் சுழற்றுதல்'னு போட்டுத் தேடினேன்."

"அந்தச் சொல் எங்கிருந்து கிடைச்சது?"

"விண்ணப்பத்துல முதல் பக்கத்துலயே இருக்கே மேடம்."

மெஹருன்னிசா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க ஓசூர்ல உலைகிட்ட நிக்கறீங்க. குழி விழுது. மருதாசலம்னு ஒருத்தர் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. என்னென்ன சொல் போட்டுத் தேடுவீங்க? எழுதுங்க."

இருதயராஜ் எழுதினார். வேகத்தைக் குறைத்தல். தடுப்புப் பலகை. மூடி. தண்டை ஓரமாக வைத்தல். பேனா நின்றது.

"வேற?"

"திசை..." என்று ஆரம்பித்தார். "அதை எழுதக் கூடாது, இல்லையா?"

"தாராளமா எழுதலாம். அப்ப உங்களுக்குத் தோணியிருந்தா."

அவர் எழுதவில்லை.

"இந்த நாலை வச்சுத் தேடுங்க. நாளைக்குப் பேசுவோம்."

மறுநாள் நான்கு மணிக்கு இருதயராஜ் வந்தார். கண் சிவந்திருந்தது.

"இருநூத்துப் பதினேழு ஆவணம் மேடம். ஒண்ணு விடாமப் பாத்துட்டேன். பலகையை வளைச்சிருக்காங்க, மூடியில துளை போட்டிருக்காங்க, தண்டுக்கு இறக்கைகூட வச்சிருக்காங்க. எல்லாத்துலயும் தண்டு ஒரே பக்கம்தான் சுத்துது."

"சரி."

"ஆனாலும் மேடம்..." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா உரிமை?"

"சின்னதா இருந்தா கொடுக்கக் கூடாதுன்னு எந்தப் பிரிவுல இருக்கு சார்?"

இருதயராஜ் யோசித்துப் பார்த்தார். எந்தப் பிரிவிலும் இல்லை.

"விண்ணப்பத்துல ஏழாம் பக்கம் படிச்சீங்களா?"

"அது ஏதோ கதை மாதிரி இருந்தது. தொழில்நுட்பம் ஒண்ணும் இல்ல. தள்ளிட்டேன்."

"இப்ப வாய்விட்டுப் படிங்க."

இருதயராஜ் படித்தார். மருதாசலம் இப்படி எழுதியிருந்தார்:

'மோட்டாரைப் பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் சுவிட்சைத் தவறான பக்கம் திருப்பிவிட்டார். தண்டு எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியது. அப்படிச் சுற்றினால் தண்டின் திருகுமறை கழன்று, தண்டு உலோகத்துக்குள் விழுந்துவிடும் என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நான் கத்தினேன். அவர் பயந்துபோய் உடனே சரியான பக்கம் திருப்பினார். உலோகம் இன்னும் தவறான பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. தண்டு இந்தப் பக்கம் சுற்றியது. அப்போது குழி இல்லை. உலோகத்தின் மேல்பரப்பு தட்டில் ஊற்றிய பால்போல் சமமாக நின்றது. குமிழிகள் மட்டும் கடுகு பொரிவதுபோல் மேலே வந்தன. பத்து எண்ணுவதற்குள் மறுபடி குழி விழுந்துவிட்டது. அன்று மாலை தண்டின் மறை கழலாதபடி குறுக்கே ஓர் ஆணி செருகினேன். மறுநாள் நானே சுவிட்சைத் தவறான பக்கம் திருப்பினேன்.'

படித்து முடித்த பிறகும் அவர் தாளைக் கீழே வைக்கவில்லை.

"மறை கழன்றுடும்னு உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"முதல் நாளே. தப்பித் தவறியும் அந்தப் பக்கம் சுத்திடாதேன்னு சுவர்லயே எழுதிப் போட்டிருக்கும்."

"அப்படியும் தப்பாச் சுத்தினது உண்டா?"

"உண்டு."

"எத்தனை தடவை?"

"பத்து வருஷத்துல நாலஞ்சு தடவை இருக்கும். யாராவது சுவிட்சை மாத்திப் போட்டுடுவாங்க. கத்தினதும் திருப்பிடுவாங்க."

"திருப்பினப்போ குழி?"

இருதயராஜ் மெல்லச் சொன்னார்: "மூடியிருக்கும். மூடித்தான் இருக்கணும்."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க மேடம் பாக்கறது? எலெக்ட்ரீஷியனைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

மின்விசிறியின் காற்றில் ஏழாம் பக்கம் படபடத்தது. அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாதிச் சிரிப்போடு கேட்டார்:

"மருதாசலம் மட்டும் அன்னிக்குத் திட்டாம விட்டிருப்பாரா மேடம்?"

"திட்டியிருப்பார்," என்றார் மெஹருன்னிசா. "உலோகத்தைப் பாத்துக்கிட்டே திட்டியிருப்பார்."

இருதயராஜ் தன் அறிக்கையை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

மறுநாள் அறிக்கை கோயமுத்தூருக்குப் போனது. நான்காம் பத்தி அதில் இல்லை. ஒரே ஒரு குறை சுட்டிக்காட்டப்பட்டிருந்தது: இரண்டாம் படத்தில் தண்டு சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறிதான் போடப்பட்டிருக்கிறது, எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று போட வேண்டும்.