குறை எதுவும் இல்லை

கம்பத்தில் கார் பட்டறை வைத்திருந்த சூசைமாணிக்கத்துக்கு, மடிக்கணினியில் ‘குறை எதுவும் இல்லை’ என்ற வரியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வண்டிக்கு எத்தனை முறைதான் அதைப் படிப்பது?

பழைய வண்டி, ஒச்சப்பனுடையது. குமுளி மேட்டிலுள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவன் அவன். மலை வளைவில் எஞ்சின் சூடானதும் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி படுத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பும். இன்னொரு தரம் பிள்ளைகளோடு நடுவழியில் நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

எஞ்சினை ஆளும் கணினி, வந்த கோளாறையெல்லாம் நினைவில் வைத்திருக்கும். மென்பொருளால் கேட்டால் சொல்லும். இதுவோ வாயே திறக்கவில்லை. மென்பொருளைச் சந்தேகித்துப் புதியது வாங்கினார் சூசை. அதே வரி. கூடுதல் இழுவைக்காக முன்பு இந்த வண்டியின் எஞ்சின் கணினியில் அளவுகளை மாற்றி எழுதியிருந்த மெக்கானிக் ஜெரோமைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். அவன் முணுமுணுத்துக்கொண்டே பழைய அளவுகளைத் திரும்ப ஏற்றினான். மறுநாளே வண்டி வளைவில் நின்றது.

ஒச்சப்பன் ஒவ்வொரு முறையும் வண்டியைக் கழுவித் துடைத்துப் புதுமாப்பிள்ளை மாதிரிதான் கொண்டுவருவான். விளக்கு எரியாது. அவன் விரல்களில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். சாயங்காலம் வந்தாலும் வண்டிக் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் காட்டும். சூசைக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருத்திவிட்டுத்தான் மடிக்கணினியைச் செருகுவார்.

“என்னதாண்ணே அதுக்கு?” என்பான் ஒச்சப்பன்.

“எனக்கு மட்டும் தெரியுமாப்பா? கேட்டா ஊமையால்ல இருக்கு.”

மென்பொருளா, ஜெரோமா, ஒச்சப்பனா? வண்டியின் வாயை அடைத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: ஒச்சப்பன். ஒருநாள் எரிச்சலில் கடிகாரத்தைத் திருத்தாமல் முறைத்துப் பார்த்தபோதுதான் சூசைக்கு உறைத்தது. பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும், கணினியின் நினைவு அழியும், கடிகாரமும் பன்னிரண்டிலிருந்து தொடங்கும். விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியும் பாட்டரி முனையில் பூத்ததுதான். “லைட் எரியிற வண்டிய ஒங்க பட்டறைல கொண்டாந்து நிறுத்துனா மரியாதையா இருக்காதுல்லண்ணே” என்றான் ஒச்சப்பன், கேட்டதும். சூசைக்குத் திட்ட வாய் வரவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியான கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் திருத்தி அனுப்பியது அவர்தானே. சூசை சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியோடு மலையேறிய ஒச்சப்பன், விளக்கு எரிய எரிய, கழுவாமல் கொண்டுவந்தான். சூடானால் செத்துப்போகும் சென்சாரை மடிக்கணினி உடனே காட்டியது. அதை மாற்றியதும், திங்கட்கிழமை பிள்ளைகளோடு வண்டி எங்கும் நிற்காமல் மேடேறியது.