நட்ட அன்று நாற்று வாடுவது ஏன்

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த காலம் அது. அவரைக்கொடி ஊர்வம்பு பேசும். பாகற்கொடி எதைக் கேட்டாலும் எரிந்து விழும். மனிதர்களுக்குத் தோட்டம் என்ற ஒன்று அப்போது கிடையாது. காய் வேண்டுமென்றால் மலையேற வேண்டும், செடியிடம் கேட்க வேண்டும், கொடுத்ததை மடியில் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

மலையடிவாரத்தில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஒச்சப்பன் ஆடு மேய்க்கப் போனால் திரும்ப நாளாகும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வயிற்றில் ஒன்று. பனி விலகி இளவெயில் அடிக்கத் தொடங்கிய மாசி மாதத்தில், ஆறு மாத வயிற்றோடு மலையேறிய அவள், கத்தரித்தாயின் முன்னால் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே என்னால ஏற முடியாது. நான் பிள்ளை பெத்துப் படுத்துட்டா எங்க வீட்டு வாண்டுகளுக்குக் காய் பறிக்க யாரு வருவா? உன் பிள்ளைகள்ல கொஞ்சம் எங்கூட அனுப்பி வை. வீட்டுக்குப் பின்னால வச்சு வளர்த்துக்கிறேன்."

இப்படி ஒரு யோசனை அதுவரைக்கும் எந்த மனிதருக்கும் வந்ததில்லை. காய் கேட்டவர்கள் உண்டு, செடியையே வீட்டுக்கு அழைத்தவர் யாருமில்லை. அந்த ஒன்றுக்காகவே வெள்ளச்சியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கத்தரித்தாய் தன் காலடியைப் பார்த்தாள். விதை விழுந்து முளைத்த பிஞ்சு நாற்றுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தன் நிழலில் அவை தேறாது என்பது அவளுக்கும் தெரியும்.

"கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுல ஒரு பிள்ளை செத்தாலும் இந்தக் காட்டுல இருந்து ஒரு செடிகூட மனுஷர் வாசலை மிதிக்காது. பூசணி, புடலை, பீர்க்கை எல்லாத்துக்கும் நான் சொல்லி வச்சிருவேன்."

வெள்ளச்சி தலையாட்டினாள். ஒரு கை நாற்றை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து முந்தானையில் பொதிந்துகொண்டு, அடிமேல் அடி வைத்து இறங்கினாள்.

வீட்டு வாசலுக்கு வரும்போது உச்சிவெயில். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் உள்ளே அழைப்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளச்சி மரியாதை தெரிந்தவள். செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, ஒவ்வொரு நாற்றின் காலையும் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒட்டியிருந்த மண்ணெல்லாம் கரைந்து ஓடியது. வேர் வெள்ளை வெளேரென்று ஆனது. அந்த வெயிலிலேயே குழி பறித்து நட்டும் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாற்றுகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. தண்ணீர் ஊற்றினாள். கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கென்று ஒச்சப்பன் ஆடுகளோடு வீடு திரும்பியிருந்தான். "ஏ புள்ள, காட்டுல கிடந்ததைக் கொண்டாந்து கொல்லுறியே! பேசாம விடு. ஆத்தாகாரிக்கு எங்க தெரியப் போகுது?" என்றான்.

"காக்கா கண்ணுல படாம எது நடக்கும்? அது போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்றேன். நீங்க இதுக்கு நிழல் கட்டி நில்லுங்க."

போன மலையை மறுபடியும் ஏறினாள் அந்த வயிற்றுக்காரி. ஒச்சப்பன் தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நாற்றுகளின் மேல் குனிந்து நின்றான். கூரைமேல் வந்து உட்கார்ந்த காக்கைக்குக் கொண்டாட்டம்.

"என்ன ஒச்சப்பா, செடிக்குக் கல்யாணமா? பந்தல் போட்டு நிக்கிறே!"

ஒச்சப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் துண்டை இறக்கவில்லை. அவனையும் சும்மா சொல்லக் கூடாது.

மேலே, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு நின்றாள் வெள்ளச்சி. கத்தரித்தாயின் இலையெல்லாம் கோபத்தில் விறைத்தன.

"காலைக் கழுவினியா? எதுக்குடி கழுவினே?"

"வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கால் கழுவி விடறதுதானே அக்கா மரியாதை? எங்க அம்மா வந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

கத்தரித்தாய் அவளையே பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"அடி பைத்தியக்காரி! உங்க கால்ல ஒட்டினா அது அழுக்கு. எங்க கால்ல ஒட்டியிருக்கிறது கட்டுச்சோறு. புது இடத்துல சோறு கிடைக்கிற வரைக்கும் திங்கட்டும்னு நான் கட்டிக் குடுத்ததை நீ கழுவிக் கொட்டிட்டே."

வெள்ளச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்தரித்தாய் தன் காலடி மண்ணைக் காட்டினாள்.

"அழாதே. இதுல மடி நிறைய அள்ளிக்கோ. வெயில் தாழ்ந்த பெறகு அதுங்க வேர்ல போட்டு அணை. அப்புறம் பிழைக்கிறது அதுங்க பாடு. ஆனா நான் சொன்ன வார்த்தை வார்த்தைதான்."

வெயில் தாழும் நேரத்துக்கு வெள்ளச்சி வந்து சேர்ந்தாள். கை மரத்துப்போய் நின்ற புருஷனை நகரச் சொல்லிவிட்டு, நாற்று நாற்றாக வேரைச் சுற்றித் தாய்மண்ணை வைத்து அணைத்தாள். உள்ளங்கையில் ஏந்திச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள்.

விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தாள். நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. விரல் நீளம்கூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு, அரைப் பகல் செத்துக் கிடந்து எழுந்து நிற்கிற அந்தத் தெம்பை என்னவென்று சொல்வது! ஆனால் ஓரத்தில் நின்ற கடைக்குட்டி மட்டும் தலை தூக்கவில்லை. தலை மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

கத்தரித்தாய் சொன்ன வார்த்தை வெள்ளச்சிக்கு நினைவுக்கு வந்தது. ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. அவள் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வீட்டில் விளைந்த காய் இனிக் கிடையாது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டைத் தொட்டாள்.

"உனக்கு உங்கம்மாகிட்டப் போகணுமா, தங்கம்? சொல்லு, கொண்டுபோய் விடறேன். என் வீட்டுல இருந்துதான் ஆகணும்னு இல்ல. உசிரோட இருந்தாப் போதும்."

கடைக்குட்டி மெல்லக் கேட்டது. "மறுபடியும் மலை ஏறுவியா?"

"ஏறுவேன்."

"முடியாதுன்னு அம்மாகிட்டச் சொன்னியே?"

"உனக்காக ஏறுவேன்."

கடைக்குட்டி சட்டென்று நிமிர்ந்து நின்றது. "எனக்கு அப்பவே தெம்பு வந்திருச்சு. நீ வந்து பாக்கிறியான்னுதான் படுத்துக் கிடந்தேன். நான் இங்கயே இருக்கேன்" என்றது.

வெள்ளச்சிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

காக்கை சும்மா இருக்குமா? ஒன்றுக்குப் பத்தாகக் காட்டில் போய் ஒப்பித்தது. கத்தரித்தாய் பூரித்துப்போனாள். மிளகாயையும் மற்றக் காய்களையும் கூப்பிட்டு, "மனுஷர் வீட்டுக்குத் தைரியமாப் போங்க. ஆனா போன அன்னிக்கே நிமிர்ந்து நின்னுடாதீங்க. கடைக்குட்டி செஞ்ச மாதிரி செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அப்புறம் செடிகள் பேச்சை மறந்தன. இந்தப் பாடத்தை மட்டும் மறக்கவில்லை. அன்று தொடங்கியதுதான்: எந்த வீட்டில் நட்டாலும் நாற்று முதல் நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறது.