புளிப்பு வாங்கிய தூசி

அந்தக் காலத்தில் மண்ணுக்கும் வாய் இருந்தது, எறும்புக்கும் வாய் இருந்தது. பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மழைக்குத்தான் பஞ்சம். பெய்த மழையெல்லாம் கடலிலேயே பெய்தது. கடலில் பெய்து யாருக்கு என்ன பிரயோசனம்?

தெற்கே தேரி என்று சொல்லும் செம்மணல் மேட்டில், ஒரு நாவல் மரத்தடியில் செம்பி என்ற தூசி இருந்தாள். கண்ணில் விழுந்தால்தான் இருப்பது தெரியும், அவ்வளவு சின்னவள். அவளையும் அவள் சனத்தையும் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருந்தது அந்த மரத்தின் வேர்தான். இப்போது மரம் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலை உதிரும்போதும் செம்பி வேரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மரம் போனால் வீடு போச்சு.

கடலிலிருந்து ஊர் சுற்றக் கிளம்பும் ஈரம், அவர்கள் தலைக்கு மேலேதான் தினமும் போய் வந்தாள். செம்பி ஒருநாள் காற்றில் தொற்றிக்கொண்டு மேலே போய் அவளை வழிமறித்தாள்.

“மதினி, செத்த நில்லுங்க. எங்க மரம் சாவுது. கொஞ்சம் எறங்கிட்டுப் போங்களேன்.”

“எறங்கணும்னா யாரு மேலயாவது உக்காரணும்லா? கடல்ல உப்பு இருக்கான். பாத்ததும் புடிச்சு உக்கார வச்சிருவான். ஒம்மேல கால வச்சா நிக்கவே மாட்டேங்கு. வறட்டு ஒடம்பு ஒனக்கு” என்றாள் ஈரம். அவள் கெட்டவள் இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

செம்பி முகம் வாடி இறங்கினாள். இறங்கிய இடம் வினையாகப் போயிற்று. நாவல் மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகளின் வாசல் அது. முசுறு வீட்டு வழக்கம் ஊருக்கே தெரியும். வாசலைத் தொட்டவர் மேல் முதலில் புளிப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். யார் எவர் என்பதெல்லாம் பிறகுதான். காவலுக்கு நின்ற பேச்சி வழக்கத்தை விடவில்லை.

“ஐயோ, எரியுதே!”

“யாருட்டி அது? ஒரு கொரல் குடுத்துட்டு வரக் கூடாதா?” என்று அப்புறம்தான் கேட்டாள் பேச்சி.

செம்பி தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புளிப்பு பட்ட இடத்தில் காற்றிலிருந்த துளி ஈரம் வந்து ஒட்டியிருந்தது. உதறினாலும் போகவில்லை.

“மதினி, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க.”

பேச்சி திகைத்துப் போனாள். புளிப்பு வாங்கியவர்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடித்தான் அவள் பார்த்திருக்கிறாள். செம்பி விஷயத்தைச் சொன்னதும் பேச்சியின் குரல் இறங்கிவிட்டது.

“வேண்டாம்ட்டி. ஒஞ் செவப்பெல்லாம் இரும்பு. புளிப்பு ஊற ஊற இரும்பை அரிச்சிரும். ஈரம் வந்து உக்காருவா, நெசந்தான். ஆனா நீ கரைஞ்சு போயிருவ.”

செம்பிக்குப் பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். பக்கத்துக் கிளையிலிருந்து இன்னொரு இலை கழன்று விழுந்தது.

“கரைஞ்சாலும் எங்க வேருலதான கரைவேன்? ஊத்துங்க.”

பேச்சி தன் கூட்டத்தையே கூப்பிட்டாள். எல்லாரும் செம்பியைத் திட்டிக்கொண்டேதான் ஊற்றினார்கள். அதைப் பார்த்து, செம்பியின் சனமும் ஒவ்வொருவராய் வந்து புளிப்பு வாங்கிக்கொண்டது. பிறகு காற்று எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டது.

“இப்ப உக்காருங்க, மதினி” என்றாள் செம்பி.

ஈரம் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்க மனமும் இல்லை. பாரம் ஏற ஏற செம்பி குளிர்ந்தாள், கனத்தாள், நேரே தன் மரத்தடியில் போய் விழுந்தாள். அவள் பின்னாலேயே அவள் சனம் மழையாக இறங்கியது.

பேச்சி மரத்திலிருந்து ஓடி வந்து பார்த்தாள். செம்பி இல்லை. வேரின்மேல் சிவப்பாய் ஒரு ஈரத்தடம் இருந்தது. அதையும் வேர் குடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் இரங்காத முசுறு அன்று நின்று அழுதது.

அன்று முதல்தான், வெள்ளைத் துணியில் விழுந்த மழைத்துளி காய்ந்தால் ஒரு புள்ளி மண் மிச்சம் நிற்கிறது. முதல் மழைக்கு யாரும் குடம் வைப்பதில்லை. அது செம்பி தன் மரத்துக்குக் கொண்டுபோகிற தண்ணீர்.