சேஸிக்கு அடியில் ஒரு டம்ளர்

போஜன் கோத்தகிரி மலையில் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர். இடுப்பு போனதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ஜெயசீலி மேஸ்திரியின் பட்டறைக்கு வேலை கற்க வந்தார். மேஸ்திரிக்கு வயது முப்பது. சிஷ்யருக்கு நாற்பத்தெட்டு.

அன்று ஒரு பழைய பிக்கப் வந்தது. முன் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. மணி ரெண்டே கால். நாலு மணிக்குள் அந்த வண்டி தோட்டத்தில் பறித்து வைத்த பச்சைத் தேயிலையை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குள் போகணும். பிந்தினால் இலை சூடேறி அத்தனையும் குப்பை.

வண்டி ஓனர் போஜனுக்குப் போன் மேல் போன் போட்டார்.

"வந்துரும்ங்க." ஒவ்வொரு தடவையும் போஜன் இதையேதான் சொன்னார். வேறு பதில் அவர் வாயில் வந்ததே கிடையாது.

ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார். புது ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டார்.

"வெளிய வாங்கண்ணா," என்றார் மேஸ்திரி.

"அஞ்சே நிமிஷம்."

"குதிரை போடலை."

வண்டியைத் தாங்க வேண்டிய இரும்புக் குதிரை ரெண்டும் சுவரோரமாக நின்றன.

"ஜாக்கி தாங்கும் மேஸ்திரி. இருபது வருஷமா தாங்குது. என்னைக்கு விழுந்துச்சு?"

"வெளிய வாங்க. டீ ஆறுது."

போஜன் வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு கடுப்பு.

கழற்றிய சக்கரத்தை மேஸ்திரி வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கு அடியில் படுக்கப் போட்டார். தன் டீயை ஒரே மடக்கில் முடித்து, காலி சில்வர் டம்ளரை அதன் மேல் நிறுத்தினார். டம்ளருக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"இது என்ன விளையாட்டு? நேரம் ஓடுது."

"குடிங்கண்ணா."

குடித்தார். நடுவில் போன் அடித்தது. "வந்துரும்ங்க."

"இப்ப அந்த டம்ளரை எடுங்க. கையை விடாதீங்க, ஸ்பேனரால தட்டுங்க."

தட்டினார். நகரவில்லை. ஓங்கித் தட்டினார். ம்ஹூம். சேஸி உட்கார்ந்து டம்ளரின் வாய் கோணியிருந்தது. சற்று முன்னால் அவர் தலை இருந்த இடம் அங்கிருந்து ஒரு சாண்.

போஜன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஜாக்கி இறங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

 

போஜன் வேறு ஜாக்கியால் தூக்கி, குதிரைகளைப் போட்டு, வண்டியை அவற்றின் மேல் இறக்கினார். ஆட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அடியில் போனார். ஹோஸை மாட்டினார்.

"பொருந்திருச்சு மேஸ்திரி. ஆயில் ஊத்தலாமா?"

"பொருந்திருச்சுன்னு தெரியுமா?"

போஜன் அடியிலிருந்து வெளியே வந்தார். எழுந்து போய் ஸ்டியரிங்கை வலது கோடி வரை திருப்பினார். வந்து பார்த்தார். ஹோஸ் தளர்வாகத்தான் இருந்தது. இடது கோடிக்குத் திருப்பினார். ஹோஸ் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. ரெண்டு விரற்கடை குட்டை. கடையில் வேறு மாடலுக்கானதைக் கொடுத்திருக்கிறார்கள். மலை வளைவில் ஒரு குழி போதும், பிய்த்துக்கொண்டு போக.

போன் அடித்தது.

"போஜா, நாலு மணிக்குள்ள வண்டி வந்துருமா, வராதா?"

போஜன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி டம்ளரின் கோணலைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலை தூக்கவே இல்லை.

"தெரியாதுங்க," என்றார் போஜன். "இலைக்கு வேற வண்டி பாருங்க."