கோரன் திரும்பிப் பார்க்காத கோட்டை

அந்தக் காலத்தில், மந்தியும் மனிதனும் வழியில் கண்டால் நின்று நலம் விசாரித்துக்கொண்ட காலத்தில், ஒரு மலையில் கோரன் என்று ஒருவன் இருந்தான். சிறுத்தை எதிரே வந்தாலும் "ஒதுங்கிப் போ" என்று அதட்டுகிறவன். ஆனால் பேய் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், தொடை நடுங்கிவிடும்.

கல்யாணமாகி முதல் தடவையாகப் பெண்டாட்டி மருதியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனான். அவள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். வழியில் இரண்டு இரவு தங்கித்தான் போக வேண்டும். மாமியாருக்கென்று தேனும் தினையும் கட்டிய மூட்டையை, நெற்றியிலும் தோளிலும் கயிறு மாட்டி முதுகில் சுமந்துகொண்டு அவன் முன்னால் நடந்தான். முதல் நாள் முழுக்க ஒரே பேச்சும் சிரிப்பும்தான்.

"இந்தாங்க, மெதுவாப் போங்க. எங்கம்மா எங்கயும் ஓடிப் போயிட மாட்டா" என்று பின்னாலிருந்து கேலி செய்தாள் மருதி.

அவனை அவள் 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அந்த மலைக்காரர்களின் நம்பிக்கை.

மறுநாள் பனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பழைய கோட்டை வந்தது. என்றோ செத்துப்போன ராஜாக்கள் கட்டியது. மதில் சரிந்து, வாசல் தூண்களை மரவேர்கள் விழுங்கிக் கிடந்தன. அங்கே செத்தவர்கள் நமக்கு வேண்டியவர்களின் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். திரும்பிப் பார்த்தவன் ஊர் திரும்ப மாட்டானாம்.

"என் பின்னாலயே வா. யாரு கூப்பிட்டாலும் திரும்பாத" என்றான் கோரன்.

"சரி, நீங்களும் திரும்பாதீங்க" என்று சிரித்தாள் மருதி.

கோட்டைக்குள் ஓடை இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. ஓடையைத் தாண்டி மேலேறும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கோரா..."

மருதியின் குரல்தான். ஆனால் மருதி அவன் பெயரைச் சொல்வாளா? செத்தாலும் சொல்ல மாட்டாள். அப்படியானால் இது பேய்தான். "கோரா, கோரா" என்று குரல் மறுபடியும் கெஞ்சியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். அவள் பின்னால் வந்துகொண்டுதான் இருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். திரும்பிப் பார்க்கத்தான் துணிவில்லை.

மதிலைக் கடந்து வெளியே வந்த பிறகுதான் திரும்பினான். யாரும் இல்லை. மூச்சிரைக்க ஒரு கருமந்தி மட்டும் வந்து கிளையில் உட்கார்ந்தது.

"என் பொண்டாட்டியப் பாத்தியா?" என்று கேட்டான்.

மந்தி தலையைக் குனிந்துகொண்டது. "புதர் மூடின பாழுங்கிணத்துல கால வச்சிட்டா. ஒரு வேரைப் புடிச்சுத் தொங்கினா. மொதல்ல 'இந்தாங்க, இந்தாங்க'ன்னுதான் கத்தினா. ஓடைச் சத்தத்துல உனக்குக் கேக்கல. அப்புறந்தான் பேரச் சொன்னா. சொன்னா உனக்கு ஆகாதேன்னு அழுதுகிட்டே சொன்னா."

"இப்ப?"

"வேர் அறுந்துபோச்சு, கோரா."

மூட்டையை எறிந்துவிட்டு ஓடினான். கிணற்றில் தண்ணீர்தான் தெரிந்தது. "மருதி, வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று கத்தினான். பாவி, ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் போதுமே. அதை நினைத்து நினைத்து அந்தக் கிணற்றடியிலேயே கிடந்தான். இலை விழுந்தாலும் "வந்துட்டேன்" என்பான். கத்திக் கத்திப் பேச்சு போய், கடைசியில் சீழ்க்கை ஒலி மட்டும் மிஞ்சியது. உடம்பு சுருங்கிக் கருத்தது, சிறகு முளைத்தது. சுமைக்கயிறு அழுந்திக் கன்றிய நெற்றியும் தோளும் மட்டும் நீலமாக நின்றன. அவன் பூங்குருவியாகிவிட்டான்.

அன்று முதல்தான், பனிமூடிய சோலையில் யார் காலடி கேட்டாலும், கூப்பிடும் வரை காத்திராமல் பூங்குருவி முந்திக்கொண்டு பதில் குரல் கொடுக்கிறது.